அப்ரின் கண்டுபிடித்த இடது ஓரம்

கள்ளக்குறிச்சி கடைவீதியில் சாதுல்லா பாயின் தையல் சாமான் கடைக்குள் நுழைந்தால் எதிரே சுவர் தெரியாது. தரையிலிருந்து கூரை வரை நூல்கண்டுப் பெட்டிகள். ஒவ்வொரு பெட்டியின் முகத்திலும் ஒரு கண்டு ஒட்டியிருக்கும், அதன் கீழே நிற எண் பொடி எழுத்தில் அச்சாகியிருக்கும். ஜாக்கெட் துணியைக் கொண்டுவருகிறவர்கள் துணியை மேசையில் விரிப்பார்கள். பாயின் மகள் அப்ரின் ஒரு பார்வை பார்த்துவிட்டு எண்ணைச் சொல்லிப் பெட்டியை உருவுவாள். முந்நூற்றுச் சொச்சம் எண்கள் அவளுக்கு மனப்பாடம்.

அந்தச் சுவரை வைத்துத்தான் அவள் என் கேமராவின் லென்ஸை அளந்தாள். அளந்ததில் என் வண்டவாளமும் வெளியே வந்தது.

மூன்று வருடம் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு நான் வீடு திரும்பி அப்போது நான்கு மாதம் ஆகியிருந்தது. முதுகுப்பையின் ஜிப் வாயைப் பிளந்துகொண்டது. புது ஜிப் வாங்கக் கடைக்குப் போனேன். கழுத்தில் கேமரா தொங்கிக்கொண்டிருந்தது. உள்ளங்கையில் அடங்கும் அளவுதான், ஆனால் அந்த வகையில் அதைவிட விலை கூடியது அப்போது கிடையாது. அப்ரின் ஜிப்பை மறந்துவிட்டாள்.

"அக்கா, அது இன்னா கேமராவா? பவுடர் டப்பா மாதிரி இருக்குது."

சுவிட்சை அழுத்தினேன். லென்ஸ் மூன்றடுக்காக நீண்டு வெளியே வந்தது. அவள் ஓரடி பின்னால் போய்ச் சிரித்தாள்.

"ஆம தலைய நீட்டுதுக்கா!"

அவளுக்கு இருபத்து மூன்று வயது. கம்ப்யூட்டர் பட்டம் வாங்கியிருந்தாள், வேலைக்கு சென்னை போக வீட்டில் விடவில்லை. கடையில் உட்கார்ந்தாலும் மனம் முழுக்க வேறொன்றில் இருந்தது. அவர்கள் வீட்டுக் கல்யாணங்களில் பெண்கள் பக்கத்துக்கு ஆண் போட்டோகிராபர் வரக்கூடாது. மேடையும் மாப்பிள்ளையும் ஆல்பம் ஆல்பமாக வருவார்கள்; திரைக்கு இந்தப் பக்கம் நடந்த எதற்கும் படம் இருக்காது. சொந்தக்காரர் கல்யாணங்களில் அப்ரின் போனில் எடுத்துப் பார்த்திருக்கிறாள்.

"போன்ல எடுத்தா என்ன குறை?" என்றேன்.

"ரெண்டு குறைக்கா. போனு எல்லார் மூஞ்சிலயும் மாவு பூசிடுது. எங்க ஜைனம்பு குப்பிக்குக் கன்னத்துல மூணு மச்சம். போட்டோல ஒண்ணுகூட இல்ல. 'இது யாருடி, நல்லாத்தான் இருக்கா'ன்னு குப்பியே கேக்குது." குப்பி என்றால் அத்தாவின், அதாவது அப்பாவின், அக்கா. "ரெண்டாவது, போனத் தூக்குனாலே எல்லாரும் முக்காட்ட இழுத்துக்குவாங்க. அஞ்சு நிமிஷத்துல எவ ஸ்டேட்டஸ்ல வருமோன்னு பயம்."

"பெரிய கேமராவோடு ஒரு பெண்ணைக் கூப்பிடலாமே?"

"விழுப்புரத்துலர்ந்து ஒரு அக்கா வந்துச்சு. முழங்கை நீளத்துக்கு லென்ஸு, மேல ஃபிளாஷு. கல்யாணப் பொண்ண வுட்டுட்டு எல்லாம் அதையே பாத்துக்கினு இருந்தாங்க. துவா ஓதறப்ப டக்கு டக்குன்னு சத்தம் வேற."

நான் அவள் முகத்துக்கு நேராகக் கேமராவைப் பிடித்து அழுத்தினேன். சத்தமே வரவில்லை. எடுத்துவிட்டேன் என்று சொன்னபோது அவள் நம்பவில்லை. திரையைக் காட்டினேன். கடைக்குள் ஒரே ஒரு டியூப்லைட் வெளிச்சம். ஆனாலும் இமை முடி ஒவ்வொன்றும் தெரிந்தது, பின்னால் நூல்கண்டுகள் வண்ணப் புள்ளிகளாகக் கரைந்து நின்றன. அவள் படத்தைப் பெரிதாக்கி, தன் மூக்கின் மேலிருந்த சின்னத் தழும்பைத் தேடிக் கண்டுபிடித்தாள்.

"இருக்குது!" என்று கத்தினாள். "ரெண்டு நாளைக்குக் குடுங்கக்கா."

ஒரு வாரம் கழித்து ஒரு நோட்டோடு வீட்டுக்கு வந்தாள்.

கேமராவைப் பட்டன் டப்பாக்களின் மேல் அசையாமல் வைத்து, கை படாதபடி இரண்டு விநாடி டைமர் போட்டு, நூல்கண்டுச் சுவரை எடுத்திருக்கிறாள். இருபத்து நான்கு மில்லிமீட்டரில் ஒரு வரிசை, முப்பத்தைந்தில், ஐம்பதில், எழுபதில் ஒவ்வொரு வரிசை. ஒவ்வொன்றிலும் லென்ஸின் துளையை முழுக்கத் திறந்து தொடங்கி, சிறிது சிறிதாகச் சுருக்கிக்கொண்டே போயிருக்கிறாள். பிறகு கடைக் கம்ப்யூட்டரில் பெரிதாக்கி, நடுவிலும் நான்கு மூலையிலும் உள்ள நூல் எண்களைப் படித்திருக்கிறாள். படிக்க முடிந்தால் டிக், முடியாவிட்டால் பெருக்கல் குறி.

"1.8 வச்சா நடுவுல நம்பரு ஜோரா தெரியுது. நாலு மூலையும் குழஞ்ச சோறு. 4 வச்சா மூலையும் நிமிந்துக்குது. 5.6 தான் டாப்பு. ஆனா 11 வச்சா எல்லாமே திரும்ப மந்தமாயிடுது. இன்னாத்துக்குக்கா? துளை சின்னதாக சின்னதாக நல்லாயிக்கினேதான போவணும்?"

துளை ரொம்பவும் சுருங்கினால் வெளிச்சம் அதன் விளிம்பில் உரசிச் சிதறும், சின்ன சென்சாரில் அது சீக்கிரமே தெரியும் என்றேன். குறித்துக்கொண்டாள்.

"அப்புறம், 24ல எடுத்தா ஓரத்துல இருக்கிற கண்டெல்லாம் இழுத்துவுட்ட மாதிரி குண்டாயிடுது. 50க்கு மேல அந்த வம்பு இல்ல. முகத்துக்கு 70 தான், மூக்கு மூக்கா இருக்குது. ரொம்பக் கிட்டப் போயி எடுக்கணும்னா 24க்கு வந்துடணும், அஞ்சு சென்டிமீட்டர் வரைக்கும் போலாம். ஆனா துளைய 4 வச்சிக்கணும், இல்லன்னா மேல பால் ஊத்துன மாதிரி இருக்குது."

இரண்டு வருடம் அந்தக் கேமராவோடு பன்னிரண்டு நாடுகள் போயிருக்கிறேன். இதில் பாதி எனக்குத் தெரியாது.

"இன்னொண்ணு கேக்கலாமா? கோச்சிக்கக் கூடாது." நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திருப்பினாள். ஒரே பக்கமாகப் பெருக்கல் குறிகள். "இடது ஓரம். எந்த நம்பர் வச்சாலும் இடது ஓரத்துல படிக்க முடியல. வலது ஓரம் கண்ணாடி. நம்ம சொவர்லதான் கோளாறோன்னு கேமராவத் தலைகீழா வச்சி எடுத்தேன். அப்ப வலது பக்கம் மங்குது. லென்ஸுக்குள்ள எதுவோ சாஞ்சிருக்குது." என்னை நிமிர்ந்து பார்த்தாள். "எங்கியாச்சும் கீழ போட்டீங்களாக்கா?"

போட்டேன். ஜார்ஜியாவில் ஒரு ரயிலின் மேல் பெர்த்திலிருந்து. அதுவரை யாரிடமும் சொன்னதில்லை, அன்று வாய்விட்டுச் சொன்னேன். அந்தப் பக்கம் நின்று காபி போட்டுக்கொண்டிருந்த என் அம்மா சாலம்மாள் காதில் அது தெளிவாக விழுந்தது. "அவ்ளோ வெல குடுத்து வாங்கினத கீழ போட்டியாடி?" என்று தொடங்கியவள் அன்று சாப்பாட்டு நேரம் வரை நிறுத்தவில்லை.

கேமராவை அப்ரினுக்கே விற்றுவிட்டேன். இடது ஓரத்தைச் சொல்லியே பாதி விலைக்கு முடித்தாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை இருவரும் கல்வராயன் மலைக்கு வெள்ளிமலை பஸ் ஏறினோம். பெரியார் அருவியில் அவள் கேமராவை ஒரு பாறையில் உட்காரவைத்து, உள்ளே இருக்கும் கறுப்பு ஃபில்டரைப் போட்டு, கால் விநாடி திறந்து எடுத்தாள். பகல் வெளிச்சத்திலும் தண்ணீர் துணிபோல் வழிந்து வந்தது.

"வெயிலுக்குக் கூலிங் கிளாஸ் போட்டுக்குதுக்கா இது!" என்றவள், படத்தை உற்றுப் பார்த்துவிட்டு, "ஒயிட் சாட்டின், இருநூத்திரண்டு" என்றாள். அருவிக்கு நூல் எண் சொன்ன முதல் ஆள் அவளாகத்தான் இருக்க வேண்டும். சாரலில் நனைந்த கேமராவைத் துப்பட்டாவில் சுற்றி, பஸ்ஸில் கீழே வரும்வரை மடியிலேயே வைத்திருந்தாள்.

ஐப்பசியில் அவளுக்குப் படமெடுக்க முதல் கல்யாணம் வந்தது. வெங்காய மண்டிக்காரர் வீட்டுக் காசிம் பீவி, தன் மகள் ஷாஹிதாவின் நிக்காஹில் பெண்கள் பக்கத்துக்கு அப்ரினைக் கூப்பிட்டார். காசிம் பீவி சிரித்துப் பேசுகிறவர் இல்லை. கடைக்கே வந்து நின்றபடி சொன்னார்:

"எடுக்கறத எடு. ஆனா ஒரு படம் அந்த ரூம விட்டு வெளிய போவக்கூடாது. எந்த ஆம்பள கண்ணுலயும் படக்கூடாது."

அப்ரின் அதற்கு ஏற்கெனவே ஒரு வழி யோசித்திருந்தாள். தன்னிடம் எந்தப் பிரதியும் வைத்துக்கொள்வதில்லை. கல்யாணம் முடிந்ததும் மெமரி கார்டைக் கழற்றி, அரக்கு வெல்வெட்டில் அவளே தைத்த சின்னப் பையில் போட்டு, பிரஸ் பட்டனை அழுத்திப் பெண்ணைப் பெற்றவள் கையில் கொடுத்துவிடுவாள். பையைக் காட்டினாள். காசிம் பீவி பட்டனை இரண்டு முறை திறந்து மூடிப் பார்த்துவிட்டுச் சரி என்றார்.

அவர் போனதும் சாதுல்லா பாய் தையல் ஊசிகளை எண்ணிக்கொண்டே சொன்னார்: "இன்னும் மூணு வூட்டுல கேட்டுக்கினு இருக்காங்க. இது எப்பிடிப் போவுதுன்னு பாத்துட்டுத்தான் முடிவு பண்ணுவாங்க. ஒரு படம் வெளிய போச்சுன்னு பேச்சு வந்தா, அத்தோட கேமராவ மூட்ட கட்டிட்டு நூலு உருவ வந்துடணும். சரியா?"

"சரி அத்தா," என்றாள் அப்ரின். அன்று முழுவதும் சிரிக்கவில்லை.

சங்கராபுரம் சாலையில் கல்யாண மகால். என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். அப்ரின் வேலை செய்வதை அன்றுதான் முழுதாகப் பார்த்தேன். கேமராவை அவள் கண்ணுக்கே கொண்டுபோகவில்லை. திரையை மேல் பார்க்கத் திருப்பி, இடுப்பருகில் பிடித்துக்கொண்டு, பெண்களோடு பேசிக்கொண்டே நடந்தாள். எப்போது எடுத்தாள் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. மாப்பிள்ளையின் அக்கா கல்யாணப் பெண்ணின் கழுத்தில் தாலிபோலக் கருகமணி கட்டியபோது விரலுக்கும் மணிக்கும் நடுவே நுழைகிற மாதிரி கிட்டப் போனாள், துளை நான்கில். துவா ஓதும்போது அறையில் துவா மட்டும்தான் கேட்டது.

கலாட்டா குரூப் போட்டோவில் வந்தது. அறை சின்னது, இருபத்து நான்கில்தான் எல்லோரும் அடங்குவார்கள்.

"ஒல்லியா இருக்கறவங்க ஓரத்துக்கு வாங்க!" என்றாள் அப்ரின்.

"அப்ப நடுவுல நிக்கிற நாங்கள்லாம் குண்டா?" என்று ஜைனம்பு குப்பி இடுப்பில் கை வைத்தார்.

"நீங்க விஐபி குப்பி. விஐபி நடுவுலதான் நிக்கணும்."

"என்ன ஓரத்துல போடுடி, நான் ஒல்லி" என்று இன்னொரு மாமி நகர, "நீ ஒல்லியா? ஆட்டோல ரெண்டு சீட்டு குடுக்கற ஆளு!" என்று யாரோ சொல்ல, வரிசை முழுக்கச் சிரிப்பில் சரிந்தது. அப்ரின் அந்தச் சிரிப்பைத்தான் எடுத்தாள்.

பள்ளிக்கூடத்துக்குக் காய்ச்சல் என்று லீவு சொல்லிவிட்டு வந்திருந்த ஒரு டீச்சர், "என் மூஞ்சி தெரியாத மாதிரி எடு அப்ரின், ஹெச்செம்மோட தங்கச்சியும் பந்தியில இருக்குது" என்று கெஞ்சினார். அப்ரின் அவரைக் கைப்பிடித்துக் கூட்டிப்போய் இடது ஓரத்தில் நிறுத்திவிட்டு என் பக்கம் பார்த்துக் கண்ணடித்தாள். டீச்சர் புடவையும் சிரிப்புமாக நின்றார். முகம் யாருடையது என்று அந்தப் படத்தை வைத்து யாரும் சத்தியம் செய்ய முடியாது.

பிரியாணியில் பாதி இறங்கியபோது என் போன் அடித்தது. அம்மா.

"நீ எந்த ஊருக்குடி போயிருக்கே?"

"சொல்லிட்டுத்தானே வந்தேன்? சங்கராபுரம் ரோடு."

"டிவியில ஒரு கல்யாணம் ஓடிக்கினு இருக்குது. பொண்ணு மயில்பச்சைப் பட்டு. இன்னா லட்சணம்! ஐய, இப்ப கருகமணி வருதுடி, கைக்கெட்ற தூரத்துல இருக்குது."

எலும்புத் துண்டு கையிலிருந்து இலையில் விழுந்தது.

பயணத்தில் இருந்தபோது நான் செய்த ஏற்பாடு அது. கேமராவில் எடுக்கிற ஒவ்வொரு படமும் கம்பியில்லாமல் என் போனுக்கு வரும். போனிலிருந்து என் ஆல்பத்துக்குப் போகும். அந்த ஆல்பம் வீட்டு டிவியில், யாரும் வேறெதுவும் பார்க்காத நேரத்தில், தானாக ஓடும். எந்த நாட்டில் இருக்கிறேன் என்று அம்மா டிவியைப் பார்த்துத் தெரிந்துகொள்வாள். கேமராவை விற்றபோது என் போனோடு இருந்த அந்த இணைப்பை நான் துண்டிக்கவில்லை. மலைக்குப் போன அன்று போனை வீட்டிலேயே விட்டிருந்தேன்; இன்று போனும் கேமராவும் ஒரே கூரைக்கடியில் இருந்தன.

"வீட்டுல யார்லாம் இருக்காங்கம்மா?"

"நான் மட்டுந்தான். உங்கப்பா களமருதூர்ல, அறுப்பு மிஷினு வந்திருக்குது. சாயந்திரம்தான் வருவாரு."

"டிவி வயரைப் பிடுங்கும்மா. இப்பவே. நான் சொல்ற வரைக்கும் திரும்பப் போடாதே."

"இன்னாத்துக்குடி? இப்பத்தான் பந்தி வருது, நீ தின்றதுகூட..."

"அம்மா!"

பிடுங்கினாள்.

அப்ரின் மருதாணிக் கைகளை எடுத்துக்கொண்டிருந்தாள். ஓரமாக இழுத்துப் போய்ச் சொன்னேன். கேமராவை உடனே அணைத்தாள். ஆமை தலையை உள்ளே இழுத்துக்கொண்டது.

"எத்தினி படம்?"

"அறுபத்தொண்ணு. என் அம்மா ஒருத்தி மட்டும்தான் பார்த்தாள். எல்லாத்தையும் அழிச்சிடறேன். யாருக்கும் தெரியப் போறதில்ல அப்ரின். தப்பு என்னோடது."

"கார்ட அவங்க கையில குடுக்கறப்ப அவங்க என் மூஞ்சியப் பாப்பாங்கக்கா. ஒரு படமும் வெளிய போகலன்னு நான் சொல்லணும். எப்படிச் சொல்லுவேன்?" துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டாள். "நீங்களும் வாங்க. போன எடுத்துக்கினு வாங்க."

மணப்பெண் அறையில் காசிம் பீவி கட்டில் மேல் உட்கார்ந்திருந்தார். சுற்றிலும் ஏழெட்டுப் பெண்கள். தங்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு அப்ரினைக் கேட்டுக்கொண்டிருந்த மூன்று வீட்டுக்காரர்களும் அதில் இருந்தார்கள். அப்ரின் வெளியே கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். அவர்கள் முன்னாலேயே சொன்னாள். எப்படிப் போயிற்று, எங்கே போயிற்று, எத்தனை படம், எதையும் விடவில்லை.

காசிம் பீவி கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"யாரு பாத்தாங்க?" என்றார் காசிம் பீவி.

"எங்க அம்மா மட்டும்," என்றேன். "வேற யாரும் வீட்டுல இல்ல."

"ஆம்பளைங்க?"

"அப்பா களமருதூர்ல இருக்காரு. அறுப்பு."

"போனக் குடு."

கொடுத்தேன். அவர் பார்த்துக்கொண்டே இருக்க, அப்ரின் ஒவ்வொன்றாகச் சொல்லி அழித்தாள். போனில், ஆல்பத்தில், பிறகு குப்பைத்தொட்டி என்று ஒன்று இருக்கிறது, அதில். கடைசியாகக் கேமராவுக்கும் போனுக்கும் இருந்த இணைப்பை நீக்கிக் காட்டினாள். காசிம் பீவி ஷாஹிதாவைக் கூப்பிட்டு இன்னொரு முறை பார்க்கச் சொன்னார். ஷாஹிதா மருதாணி கலையாமல் ஒரு விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்துவிட்டு, "ஒண்ணும் இல்லம்மா, எல்லாம் ஏதோ மலையும் பனியுமா இருக்குது" என்றாள்.

"உங்கம்மா பேரு இன்னா?"

"சாலம்மாள்."

"எம்பொண்ணப் பாத்துட்டு இன்னா சொன்னாங்க?"

"என்ன லட்சணம்னு சொன்னாங்க."

அப்போதுதான் காசிம் பீவியின் வாய் ஓரம் அசைந்தது. ஷாஹிதாவைப் பார்த்தார், பிறகு என்னை.

"கல்யாணப் பொண்ணு மூஞ்சியப் பாத்தவங்க எங்க வூட்ல சாப்புடாம இருக்கக் கூடாது. உங்கம்மா வூட்ல உக்காந்துக்கினே பாத்துட்டாங்க. கூப்புடு. ஆட்டோ புடிச்சி வரச் சொல்லு. அவங்க வராம பொண்ணு மகால விட்டுப் போவாது."

ஜைனம்பு குப்பி வெடித்துச் சிரித்தார். "டிவியில பாத்தவங்களுக்கும் பிரியாணியா? நல்ல வேள, உலகத்துக்கே போவல!"

மூன்று வீட்டுக்காரர்களில் ஒருவர் கட்டிலை விட்டு எழுந்து அப்ரினின் தோளைத் தட்டினார். "எம்மவளுக்குத் தை மாசம். நீயே வந்துடு." என்னைக் காட்டினார். "இந்தப் பொண்ணும் வரட்டும். ஆனா போன வாசல்லயே வாங்கி வச்சிடணும்."

அப்ரின் அழுதுகொண்டே சிரித்தாள். யாரோ அவளுக்கு ஒரு கிளாஸ் ரோஸ்மில்க் கொடுத்தார்கள். ஒரே மூச்சில் குடித்தாள்.

முக்கால் மணி நேரத்தில் அம்மா ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கினாள். நல்ல பட்டு, தலை நிறையப் பூ, கையில் புதுப் புடவை ஒன்று கவரோடு. உள்ளே வந்ததும் நேராக ஷாஹிதாவிடம் போய் முகத்தைத் தொட்டுப் பார்த்தாள். "டிவில பாத்தத விட நேருல இன்னும் ஜாஸ்தி அழகும்மா நீ" என்றாள். அதற்குப் பிறகு காசிம் பீவியும் அவளும் அடுத்தடுத்த இலையில் உட்கார்ந்து, வெங்காய விலையில் தொடங்கி எங்கெங்கோ போனார்கள்.

கிளம்பும்போது காசிம் பீவி இன்னொரு குரூப் போட்டோ கேட்டார். "இந்தத் தடவ நீயும் நில்லு" என்று அப்ரினைப் பார்த்துச் சொன்னார். சொந்தக்காரர் கல்யாணங்களில் போனில் எடுத்த காலத்திலிருந்தே அவள் ஒரு படத்திலும் இருந்ததில்லை. கேமராவைப் பூ ஸ்டாண்டின் மேல் வைத்துப் பத்து விநாடி டைமர் போட்டாள். அம்மா கொஞ்சம் பூசின உடம்பு, விஐபியாக நடுவில் நின்றாள். வலது ஓரத்தில் ஷாஹிதாவின் ஒல்லித் தோழி. அப்ரின் என் இரண்டு தோளையும் பிடித்துத் தள்ளிக்கொண்டே போய் இடது ஓரத்தில் நிறுத்தினாள்.

"இங்கியா?" என்றேன்.

"இங்கதான்க்கா. நீங்க பண்ணி வச்ச எடம்." ஓடிப்போய் ஷாஹிதாவுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டாள்.

பிறகு கார்டைக் கழற்றி, வெல்வெட் பையில் போட்டு, பட்டனை அழுத்தினாள். டப்பென்று சத்தம் வந்தது. காசிம் பீவி அதை இடுப்பில் செருகிக்கொண்டார்.

இரண்டு வாரம் கழித்து, அப்ரின் அதே வெல்வெட்டில் தைத்த இன்னொரு பையில், காசிம் பீவி தன் வீட்டுக்குள்ளேயே போட்டெடுத்த ஒரு பிரிண்ட் எங்கள் வீட்டுக்கு வந்தது. பெண்களுக்கு மட்டும் காட்டவும் என்று ஒரு சீட்டும் கூட. அம்மா அதைப் பீரோவில் வைத்திருக்கிறாள். வருகிற பெண்கள் ஒவ்வொருவரிடமும் எடுத்துக் காட்டுகிறாள். ஜைனம்பு குப்பியின் மூன்று மச்சம் எண்ணலாம். அப்ரின் பற்கள் தெரியச் சிரிக்கிறாள். இடது ஓரத்தில் ஒரு நீலச் சுடிதார் தண்ணீரில் நனைந்ததுபோல் கலைந்து நிற்கிறது.

"இது யாரு ஓரத்துல, மூஞ்சியே தெரியல?" என்று கேட்பார்கள்.

"அது என் மவ," என்பாள் அம்மா. "அவதான் அந்தக் கேமராவக் கீழ போட்டவ."